இரங்கல் உரை ஆற்றுவது எப்படி: முதன்முறையாகப் பேசுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெருங்கிய ஒருவர் இறந்துபோன துயரத்தின் நடுவே, “அவரைப் பற்றி நீங்கள் நாலு வார்த்தை பேச வேண்டும்” என்று குடும்பத்தார் கேட்கும்போது மறுக்கவும் மனம் வராது, எப்படிப் பேசுவது என்றும் தெரியாது. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் மேடைப் பழக்கம் இல்லாதவர். தாமே துக்கத்தில் இருப்பவர். ஆயத்தமாவதற்கு அவருக்கு ஓர் இரவோ சில மணி நேரமோதான் கிடைக்கும். அதனால் பல இரங்கல் உரைகள் முன்பு எங்கோ கேட்ட வாசகங்களின் கோவையாக முடிந்துவிடுகின்றன. இறந்தவரின் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரை வைத்தாலும் பொருந்திவிடும் என்பதே அத்தகைய உரைகளின் குறை.

இரங்கல் உரைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. இறந்தவரை அறிந்தவர்கள் “ஆமாம், அவர் இப்படித்தான்” என்று தலையசைக்க வேண்டும். அறியாதவர்கள் அவரைச் சற்று நேரம் நேரில் கண்டதுபோல் உணர வேண்டும். இதற்கு நாவன்மை தேவையில்லை. அவரைப் பற்றி உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்த சில செய்திகளும், அவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுமையுமே தேவை.

ஒப்புக்கொள்ளும் முன்

குடும்பத்தில் பொறுப்பு வகிக்கும் ஒருவரிடம் சில செய்திகளைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு எத்தனை நிமிடம், மொத்தம் எத்தனை பேர் பேசுகிறார்கள், நீங்கள் எத்தனையாவது, சடங்குகளுக்கு முன்பா பின்பா, ஒலிபெருக்கி உண்டா, நின்று பேசும் மேசை உண்டா என்பவை நடைமுறைக் கேள்விகள். இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “எதையாவது நான் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறீர்களா?” நோயின் பெயர், கடைசி நாட்களின் நிகழ்வுகள், முதல் திருமணம், தீராத ஒரு குடும்பப் பிணக்கு போன்றவற்றில் எது வெளியே வரலாம், எது வரக்கூடாது என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. துக்கத்தில் இருப்பவர்கள் தாமாக இதைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நீங்களே கேட்டுவிடுவது நல்லது.

இறுதி ஊர்வலத்திற்கு முன்போ அடக்கத்தின்போதோ பேசுவதற்கும், சில வாரம் கழித்து நடக்கும் நினைவேந்தல் கூட்டத்தில் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதில் கூடியிருப்பவர்கள் களைத்திருப்பார்கள், நின்றுகொண்டிருப்பார்கள், இழப்பு இன்னும் பச்சைப் புண்ணாக இருக்கும். அங்கே இரண்டு மூன்று நிமிடமே போதும். நினைவேந்தலில் ஐந்து முதல் ஏழு நிமிடம் வரை பேசலாம். சிரிப்பை வரவழைக்கும் நிகழ்வுகளுக்கும் அங்கே இடம் அதிகம்.

உங்களால் பேச முடியாது என்று தோன்றினால் மறுப்பதில் எந்தத் தவறும் இல்லை. எழுதிக் கொடுத்து வேறொருவரை வாசிக்கச் செய்வதும் முறையான அஞ்சலியே.

செய்தி திரட்டுதல்

எழுதத் தொடங்கும் முன் இறந்தவரை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு இடங்களில் அறிந்திருந்த மூன்று நான்கு பேரிடம் பேசுங்கள்: உடன்பிறந்தவர் ஒருவர், வேலையிடத்தில் உடனிருந்தவர் ஒருவர், பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஒருவர், பழைய நண்பர் ஒருவர். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “ரொம்ப நல்ல மனிதர்” என்ற பதில்தான் வரும். எனவே குறிப்பாகக் கேளுங்கள். அவர் அடிக்கடி சொல்லும் சொல் என்ன? எதற்குக் கோபப்படுவார்? காலையில் எழுந்தவுடன் என்ன செய்வார்? அவருடைய சட்டைப் பையில் அல்லது கைப்பையில் எப்போதும் இருந்த பொருள் எது? அவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டு இன்றும் செய்துகொண்டிருக்கும் ஒரு காரியம் என்ன? கடைசியாக அவரோடு எதைப் பற்றிப் பேசினீர்கள்? இப்படிக் கேட்கும்போது துக்கத்தில் வாயடைத்துப் போயிருப்பவரும் பேசத் தொடங்கிவிடுவார். சொல்லும்போதே சிரித்துவிடவும் கூடும்.

கேட்டதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டு, ஊர், படிப்பு, பணியில் சேர்ந்த ஆண்டு, உறவினர் பெயர்கள் ஆகியவற்றை ஒன்றுக்கு இரண்டு பேரிடம் சரிபாருங்கள். மருமகள் ஒருவரின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டாலோ, பிள்ளைகளில் ஒருவரைச் சொல்லாமல் விட்டுவிட்டாலோ, உரை முழுதும் நன்றாக இருந்தாலும் அந்தப் பிழை அவர்கள் மனத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். எல்லாப் பெயர்களையும் சொல்ல இடமில்லை என்றால் எவர் பெயரையும் சொல்லாமல் “பிள்ளைகள்”, “பேரப்பிள்ளைகள்” என்று சொல்வதே பாதுகாப்பு.

ஒரே வாக்கியம்

திரட்டிய குறிப்புகளை எதிரில் வைத்துக்கொண்டு, “இவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வேன்?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். “யாரையும் காத்திருக்க வைக்காதவர்” என்பது அப்படி ஒரு வாக்கியம். “தனக்குத் தெரிந்ததை ஒளித்து வைக்காமல் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர்” என்பது இன்னொன்று. கிடைத்த நிகழ்வுகளில் அந்த வாக்கியத்தை மெய்யாக்கும் இரண்டு அல்லது மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். விடுவது கடினமாகத்தான் இருக்கும்; ஆனால் எண்பது ஆண்டு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை ஐந்து நிமிடத்தில் முழுதாகச் சொல்ல முயன்றால் தேதிகளும் பதவிகளும் மட்டுமே மிஞ்சும். பிறப்பு முதல் இறப்பு வரையிலான வாழ்க்கைக் குறிப்பு தேவை என்றால் அதை அச்சிட்டு வழங்கலாம்; அல்லது நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவர் வாசிக்கலாம்.

எழுதுதல்

முதல் வாக்கியத்தில் நீங்கள் யார், இறந்தவருக்கு என்ன உறவு என்பதைச் சொல்லிவிடுங்கள். அவையில் பாதிப் பேருக்கு உங்களைத் தெரிந்திருக்காது. யார் பேசுகிறார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருப்பவர் நீங்கள் சொல்வதைக் கேட்க மாட்டார். வந்திருக்கும் பெரியவர்களை ஒவ்வொருவராக விளித்து வணங்கும் மேடை வழக்கத்தை இங்கே விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்று நிமிட உரையில் ஒரு நிமிடத்தை அது தின்றுவிடுவதோடு, அந்த அவையில் முதன்மை பெற வேண்டியவர் இறந்தவரே என்பதையும் அது மறைத்துவிடுகிறது.

அடுத்து நேராக ஒரு நிகழ்வுக்குச் செல்லுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அடைமொழிகளில் வழுக்கி விழுகிறார்கள். “அன்பே உருவானவர்”, “எளிமையின் சிகரம்”, “ஈடு செய்ய முடியாத இழப்பு” என்பவை பொய்யல்ல. ஆனால் கேட்பவர் கண்முன் எதையும் நிறுத்துவதில்லை. ஒருவர் எளிமையானவர் என்று சொல்வதைவிட, எளிமையாக அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பற்றி இப்படி எழுதலாம்:

“எங்கள் ஆசிரியர் கடமை தவறாதவர், மாணவர்கள் மீது அளவற்ற அன்பு கொண்டவர், கண்டிப்பும் கருணையும் ஒருங்கே அமையப் பெற்றவர்.”

இப்படியும் எழுதலாம்:

“வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனை அவர் வகுப்புக்கு வெளியே நிறுத்துவார். வகுப்பு முடிந்து நாங்கள் எல்லோரும் கலைந்த பிறகு அவனை உள்ளே அழைத்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, தான் நின்றபடியே அந்தப் பாடத்தை மறுபடி நடத்துவார். அந்த நாற்காலியில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன்.”

இரண்டாவது உரையில் “கண்டிப்பு”, “கருணை” என்ற சொற்கள் இல்லை. ஆனால் இரண்டையும் கேட்பவர் தாமே கண்டுகொள்கிறார். கடைசி வாக்கியம் பேசுபவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறது.

இந்த முறை நமக்குப் புதியதன்று. தலைவன் இறந்தபோது அவனை இழந்தவர் பாடுவதைக் கையறுநிலை என்று பழந்தமிழ் இலக்கணம் தனித் துறையாகவே வகுத்தது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் 235ஆம் பாடலாக இருக்கிறது. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் அவன் அதை எங்களுக்கே தந்துவிடுவான் என்றும், நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான் என்றும் அவர் சொல்கிறார். அவன் போர் வீரத்தையும் அவர் விட்டுவிடவில்லை: அம்பும் வேலும் பாயும் இடங்களில் எல்லாம் அவனே போய் நின்றான் என்று ஒரே வரியில் காட்டிவிடுகிறார். வள்ளல், மாவீரன் என்ற பட்டங்களை அடுக்காமல் அவன் செய்தவற்றைச் சொன்னதால்தான் இத்தனை நூற்றாண்டு கடந்தும் அந்த மனிதனின் கை நமக்குத் தெரிகிறது. முதல் உரையை எழுத உட்காருபவர் அந்தப் பாடலை ஒருமுறை உரையோடு படித்துவிட்டு எழுதுவது எந்தப் பயிற்சி நூலையும்விடப் பயன் தரும்.

நிகழ்வுகளுக்குப் பின், அவர் விட்டுச்சென்றது என்ன என்பதை ஓரிரு வாக்கியத்தில் சொல்லுங்கள்: அவரிடம் தொழில் கற்றவர்கள், அவர் தொடங்கிய பழக்கங்கள், அவரால் இன்று நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்று. முடிவில் இறந்தவரையே நேராக விளித்து “போய் வாருங்கள்” என்பது போன்ற ஒரு விடைமொழி சொல்லலாம். தொடக்கத்திலிருந்தே அவரை விளித்துப் பேசுவது நெடுநேரம் தாங்காது. குரலும் விரைவில் உடைந்துவிடும்.

தமிழில் இன்னொரு முடிவையும் முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கிறது. இறந்தவர் உங்கள் பள்ளித் தோழர் என்றால் வாழ்நாள் முழுதும் “அவன்” என்றே சொல்லியிருப்பீர்கள். அவருடைய பிள்ளைகள், உடன் பணியாற்றியவர்கள் நடுவே அப்படிச் சொல்லலாமா என்ற தயக்கம் வரும். உரை முழுவதிலும் “அவர்” என்று வைத்துக்கொண்டு, நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட இடத்தில் மட்டும் அன்று பேசிய மொழியிலேயே “டேய்” என்றோ “நீ” என்றோ சொல்வது பொருத்தமாக இருக்கும். நெருக்கமும் தெரியும், மரியாதையும் குறையாது. ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து வருவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

நகைச்சுவை கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அவருடைய பிடிவாதம், மறதி, வழக்கமாகச் செய்த வேடிக்கை ஆகியவற்றைச் சொல்லி அவை சிரித்தால், அது அவருக்குச் செய்யும் மரியாதையே. அவர் இருந்திருந்தால் தாமும் சேர்ந்து சிரித்திருப்பாரா என்பதே அளவுகோல். அவருடைய துணைவர் முன்வரிசையில் இருக்கும்போது சொல்லக் கூசும் எதையும் எழுதாதீர்கள்.

நீளம்

நிதானமாகப் பேசினால் தமிழில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 100 சொற்கள் போகும். நான்கு நிமிட உரை என்றால் 400 சொற்களுக்கு மேல் எழுதக்கூடாது. துக்க அவையில் இடைநிறுத்தங்கள் அதிகம் என்பதால் 350 இன்னும் நல்லது. சுருக்கமாகப் பேசினால் மரியாதைக் குறைவோ என்று அஞ்ச வேண்டாம். 1863ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் போர் வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் நிகழ்ச்சியில், அக்காலத்தின் புகழ்பெற்ற பேச்சாளரான எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் ஆபிரகாம் லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில், இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார். நிகழ்ச்சியின் மையக் கருத்தை லிங்கன் இரண்டு நிமிடத்தில் நெருங்கிய அளவுக்குத் தாம் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்வேன் என்று எவரெட்டே மறுநாள் அவருக்குக் கடிதம் எழுதினார். இன்று நினைவில் நிற்பது எந்த உரை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கடினமான இறப்புகள்

தற்கொலையால் இறந்தவரைப் பற்றிப் பேச நேர்ந்தால் மிகுந்த கவனம் வேண்டும். இறந்த முறையையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது. ஒரே ஒரு காரணத்தைச் சுட்டி அதுதான் காரணம் என்று சொல்லக் கூடாது. அதை வீரச் செயலாகவோ துன்பங்களுக்கெல்லாம் தீர்வாகவோ காட்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வழங்கியுள்ள அறிவுரைகளும் இவற்றையே வலியுறுத்துகின்றன. அவையில் அதே மனநிலையில் இன்னொருவர் இருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம். “இப்போதுதான் நிம்மதி கிடைத்தது” என்ற வாக்கியத்தையும் இத்தகைய இறப்பில் சொல்லாதீர்கள். அவர் வாழ்ந்த விதத்தைப் பேசுங்கள். துயரத்தில் இருப்பவர்கள் தனித்திருக்காமல் யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொல்லலாம்.

குழந்தை இறந்தால் ஆறுதல் வாசகங்கள் எதுவும் எடுபடாது. “கடவுளுக்குப் பிடித்ததால் அழைத்துக்கொண்டார்” என்பது போன்ற விளக்கங்கள் பெற்றோரைப் புண்படுத்தவே வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள். அதற்குப் பிடித்த விளையாட்டையும் அது பேசிய மழலையையும் சொல்லுங்கள். பெற்றோர் கேட்க விரும்புவது தங்கள் குழந்தை பிறர் நினைவிலும் இருக்கிறது என்பதைத்தான்.

இறந்தவரோடு உங்களுக்கோ குடும்பத்துக்கோ நல்லுறவு இருந்திருக்காத நிலையும் உண்டு. பொய்யாகப் புகழ்ந்தால் உண்மை தெரிந்தவர்கள் தலைகுனிவார்கள்; குறைகளைப் பட்டியலிட்டால் பதில் சொல்ல அவர் இல்லை. “அவரோடு வாழ்வது எளிதாக இருக்கவில்லை, அவருடைய உழைப்பில்தான் நாங்கள் வளர்ந்தோம் என்பதும் உண்மை” என்பது போல, இரண்டையும் ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிவிட்டு, உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு நல்ல செயலை மட்டும் எடுத்துப் பேசுங்கள். அதுவும் இயலாதென்றால் வேறொருவரைப் பேசச் சொல்வதே நேர்மை.

தாளும் பயிற்சியும்

உரையை முழுமையாக எழுதி, பெரிய எழுத்தில், வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். 16 அல்லது 18 புள்ளி அளவு எழுத்து கண்ணீர் நிறைந்த கண்ணுக்கும் தெரியும். பக்க எண் போடுங்கள். ஒரு வாக்கியம் ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசியைப் பார்த்து வாசிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: திரை அணைந்துபோகும், நடுவே அழைப்பு வரும், நடுங்கும் விரல் பட்டால் பக்கம் எங்கோ ஓடிவிடும். மனப்பாடமாகப் பேசுவது பழக்கமுள்ளவர்களுக்கும் இந்த அவையில் ஆபத்தானது; துக்கம் நினைவைத் தடுமாற வைக்கும்.

குறைந்தது மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மனத்துக்குள் படிப்பது கணக்கில் சேராது. எழுத்தில் அழகாக இருக்கும் நீண்ட வாக்கியம் மூச்சு வாங்க வைக்கும் என்பதும், எந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது என்பதும் வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும். அடைக்கும் இடத்துக்கு முன் தாளில் கோடு போட்டு “நிறுத்து” என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உரையின் படி ஒன்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, உங்களால் தொடர முடியாவிட்டால் அவர் வந்து வாசித்து முடிக்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்பாடு இருக்கிறது என்ற எண்ணமே பெரும்பாலும் உங்களை இறுதிவரை கொண்டுசென்றுவிடும்.

பேசும் நேரம்

எழுந்து சென்றதும் உடனே தொடங்காதீர்கள். தாள்களை வைத்து, ஒலிபெருக்கியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, ஒருமுறை மூச்சை முழுதாக வெளியே விட்ட பிறகு தொடங்குங்கள். உங்களுக்கு மெதுவாகத் தோன்றும் வேகம்தான் கேட்பவர்களுக்குச் சரியான வேகம்.

அழுகை வந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். அழுகை முட்டும்போது குரல்வளை அகலத் திறந்து நிற்க முயல்கிறது. விழுங்கும்போதோ அது மூடிக்கொள்ள வேண்டும். இந்த இழுபறியைத்தான் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் உணர்கிறோம். நிறுத்துங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், பார்வையைத் தாளிலிருந்து எடுத்துக் கூட்டத்தின் பின்வரிசைக்கு மேலே நிறுத்துங்கள், மெதுவாக மூச்சு விடுங்கள். உங்களுக்கு நெடுநேரமாகத் தோன்றும் அந்த இடைவெளி அவைக்குச் சில விநாடிதான். முன்வரிசையில் அழுதுகொண்டிருப்பவரின் முகத்தை மட்டும் அந்த நேரத்தில் பார்க்காதீர்கள். விட்ட வாக்கியத்தை அதன் தொடக்கத்திலிருந்து மறுபடி படித்துத் தொடருங்கள்.

முன்னால் பேசியவர் நீங்கள் சொல்லவிருந்த நிகழ்வையே சொல்லிவிட்டால் பதற வேண்டாம். “அவர் சொன்ன அந்த நாளில் நானும் அங்கிருந்தேன்” என்று தொடங்கி, நீங்கள் கண்டதை மட்டும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இதற்காகவே மாற்று நிகழ்வு ஒன்றைத் தாளின் கடைசியில் எழுதிவைத்திருப்பது நல்லது.

பேசி முடித்த பின்

இறங்கியதும் சிலர் வந்து தங்களுக்குத் தெரிந்த இன்னொரு நிகழ்வைச் சொல்வார்கள். சிலர் நீங்கள் சொன்ன ஆண்டையோ ஊரையோ திருத்துவார்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பேசியது எதுவும் குடும்பத்தாரின் காதில் முழுதாக விழுந்திருக்காது. எனவே திருத்தங்களைச் சேர்த்து, தேதியையும் உங்கள் பெயரையும் உறவையும் எழுதி, உரையின் படி ஒன்றைச் சில நாள் கழித்து அவர்களிடம் கொடுங்கள். ஒலிப்பதிவு இருந்தால் அதையும் அவர்களிடமே ஒப்படைத்து, அவர்கள் சம்மதித்த பிறகே மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.